மசுவோக்காவையும் தவறவிட்டுவிடாதீர்கள்

இயற்பியல் நோபல் குழுவினருக்கு வணக்கம்.

ராபர்ட் டெனார்டை விட்டுவிட்டீர்கள். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர் இருந்தால் ஒரு பிட் தகவலை வைத்துக்கொள்ளலாம். 1966-ல் ஐபிஎம்மில் அவருக்குத் தோன்றிய அந்த டிராம் (DRAM, கணினி ஓடும்போது பயன்படும் மெமரி) யோசனையில்தான் இன்றைய கணினிகள் ஓடுகின்றன. 2024 ஏப்ரலில், 91 வயதில் காலமானார். அதே வருடம் அக்டோபரில் இன்றைய ஏஐ-க்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க்குக்குப் பரிசு அறிவித்தீர்கள். தகுதியானவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நெட்வொர்க்குகள் ஓட மெமரி தந்தவரை ஏன் மறந்தீர்கள்? இறந்தவருக்குப் பரிசு கிடையாது என்பது உங்கள் விதி. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்: மின்சாரம் போனாலும் தகவலைக் காக்கும் ஃபிளாஷ் மெமரியைத் தந்த ஃபுஜியோ மசுவோக்காவுக்கு, அவர் இருக்கும்போதே கொடுங்கள்.

மெமரி சிப்புகளைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. அவர் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று தினமும் கண்ணால் பார்க்கிறேன். ஃபிளாஷுக்கு முன்பிருந்த ஈஈப்ராம் (EEPROM) என்ற மெமரியில் பைட் பைட்டாக அழிக்க வசதி வேண்டும் என்பதற்காகவே ஒரு பிட்டுக்கு இரண்டு டிரான்சிஸ்டர் வைத்தார்கள், இடமும் போச்சு, காசும் போச்சு. தோஷிபாவில் இருந்த மசுவோக்கா, எதற்கு ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும், மொத்தமாக அழித்தால் என்ன என்று யோசித்தார். ஒரு டிரான்சிஸ்டரே போதும் என்றாகிவிட்டது. 1984-ல் அதை உலகத்துக்குக் காட்டினார், 1987-ல் அதன் இன்னொரு வகையான நாண்ட் (NAND) வந்தது. இன்று போனை அணைத்த பிறகும் நம் படங்கள் அழியாமல் இருப்பது அதனால்தான்.

அவருக்குக் கிடைத்தது என்ன? 1994-ல் நிறுவனத்தை விட்டு தொஹோக்கு பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 2004-ல், அறுபது வயதுக்கு மேல், தன் கண்டுபிடிப்புக்கான பங்கைக் கேட்டு கோர்ட் படியேற வேண்டி வந்தது. கேட்டது 100 கோடி யென். 2006-ல் சமரசமாகக் கிடைத்தது 8.7 கோடி. உலகம் முழுக்க விற்கிற ஒரு பொருளைக் கொடுத்தவருக்கு இவ்வளவுதான். நீல எல்இடி விளக்கை உருவாக்கிய நாகமுராவும் தன் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டவர்தானே? எங்கே போனாலும் லாபம் கம்பெனிக்கு, கண்டுபிடித்தவருக்கு அலைச்சல். படிப்பு முடித்து இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, கம்பெனிகளைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. ஆனால் நாகமுராவை 2014-ல் பரிசு வாங்க நீங்கள் அழைத்தீர்கள். ஒரே சிப்பில் மின்சுற்றை வைக்கும் ஐசி தந்த ஜாக் கில்பிக்கு 2000-ல் கொடுத்தீர்கள், அதற்குள் ஐசியை உருவாக்கிய இன்னொருவரான ராபர்ட் நாய்ஸ் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஃபிளாஷில் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் மிதக்கும் கேட்டை (floating gate) தந்த காங், ஸீ இருவரும் இன்று இல்லை.

வார்த்தை கொஞ்சம் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மசுவோக்கா பிறந்தது 1943-ல். தயவுசெய்து வரும் அக்டோபரிலேயே அவர் பெயரை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மெமரி சிப் பொறியாளர்