பிரிட்டன் குடும்பங்களை அமெரிக்காவுக்கு இடம்மாற்றும் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளுக்கு

வணக்கம்.

லண்டனிலோ மான்செஸ்டரிலோ இருக்கும் ஊழியரை, நிறுவனத்துக்குள்ளேயே இடம்மாற்றுவதற்கான எல்-1 விசாவில் அமெரிக்காவுக்கு வரவழைக்கிறீர்கள். கணவரோ மனைவியோ, பிள்ளைகளோ எல்-2 விசாவில் கூடவே வருகிறார்கள். ஊழியரின் ஆவணங்களை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்கிறார். உடன் வந்தவர்களின் ஆவணங்களைக் குடும்பமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறீர்கள். எல்லைகள் திறந்திருக்கும் காலத்தில் இந்த வழக்கம் எப்படியோ ஓடிவிடும். கொரோனா பெருந்தொற்றில் எல்லைகள் மூடிய 2020 மார்ச்சில் அது ஓடவில்லை. இன்னொரு முடக்கம் வருமுன் இதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ஐ-94. நாட்டில் எந்த நாள்வரை தங்கலாம் என்பதைச் சொல்வது அந்தப் பதிவுதான். கடவுச்சீட்டில் ஒட்டிய விசா அல்ல. பிரிட்டன்காரர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் வந்துபோய்ப் பழகியவர்கள். ஐ-94ஐ எடுத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை. பிரிட்டனில் பெரியவரின் கடவுச்சீட்டு 10 ஆண்டுக்குச் செல்லும், 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையுடையது 5 ஆண்டுக்குத்தான். விமான நிலைய அதிகாரி பெரும்பாலும் கடவுச்சீட்டு முடியும் நாளோடு ஐ-94ஐ நிறுத்திவிடுவார். அப்பாவுக்கு மூன்று ஆண்டு, ஏழு வயது மகளுக்குப் பதினான்கு மாதம் என்று ஒரே வரிசையில் நின்றவர்களுக்கு வெவ்வேறு தேதி விழுவது இப்படித்தான். புதுக் கடவுச்சீட்டு வாங்கினாலும் பழைய ஐ-94 தானாக நீளாது. வழக்கமான காலத்தில் வெளிநாடு போய்த் திரும்பினால் புதுத் தேதி கிடைத்துவிடும். எல்லை மூடியதும் அந்த வழி அடைபட்டது. நாட்டுக்குள்ளிருந்தே தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 விண்ணப்பம் ஒன்றே மிஞ்சியது.

அந்த விண்ணப்பத்தில்தான் குடும்பங்கள் அதிகம் அடிபட்டன. ஊழியருக்காக நிறுவனம் போடும் ஐ-129 மனுவுக்குக் கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும். குடும்பத்தின் ஐ-539க்கு அந்த வசதி இல்லை. 2019 மார்ச் முதல் ஒவ்வொருவரும், பச்சைக் குழந்தை உட்பட, கைரேகை, புகைப்படப் பதிவுக்கு நேரில் போகவேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. 2020 மார்ச் 18 அன்று குடிவரவுத் துறை நேரடிச் சேவைகளை நிறுத்தியது. ஜூன் 4க்குப் பிறகே படிப்படியாகத் திறந்தது. கைரேகை இல்லாமல் கோப்பு நகரவில்லை. ஐ-539 முடிவாகாமல் எல்-2 துணைவரின் வேலை அனுமதி அட்டையும் புதுப்பிக்கப்படவில்லை. நாட்டில் தங்கச் சட்டத்தடை இல்லை, வேலைக்குப் போகத்தான் முடியாது என்ற நிலையில் பல துணைவர்கள் சம்பளத்தை இழந்தார்கள். பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்தின் ஆயுளும் ஐ-94 தேதியோடு கட்டப்பட்டிருப்பதால் கார் ஓட்டுவதும் சிக்கலானது.

2021 நவம்பரில் ஒரு வழக்கின் உடன்பாட்டால், எல்-2 துணைவருக்கு அந்த அந்தஸ்தே வேலை அனுமதி என்றானது. 2022 ஜனவரி 30 முதல் துணைவருக்குத் தரப்படும் ஐ-94இல் எல்-2எஸ் என்ற குறியீடு இருக்கவேண்டும். வந்திறங்கிய அன்றே பதிவிறக்கிப் பாருங்கள். வெறும் எல்-2 என்றிருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். கைரேகைக் கெடுபிடி தளர்ந்திருக்கலாம், ஆனால் பிள்ளையின் கடவுச்சீட்டுத் தேதி இன்றும் அதே பொறிதான். ஆகவே ஒவ்வொரு நபருக்கும் கடவுச்சீட்டு, விசா, ஐ-94, வேலை அனுமதி, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் முடிவுத் தேதிகளை ஒரே தாளில் எழுதி வையுங்கள். நீட்டிப்பு விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே போடலாம். கடைசி மாதம்வரை காத்திருக்கக் காரணமே இல்லை. பிள்ளையின் கடவுச்சீட்டை இடம்மாறும் முன்பே, பிரிட்டனிலேயே புதுப்பிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து செய்தால் பழைய கடவுச்சீட்டைக் கடல் தாண்டி அனுப்பவேண்டும். அது போய்த் திரும்பும்வரை கையில் ஒன்றும் இருக்காது.

பயண விதிகளையும் யாராவது ஒருவர் முழுதாகப் படித்துச் சொல்லியிருக்கவேண்டும். 2020 மார்ச் 16 நள்ளிரவு முதல், முந்தைய 14 நாளில் பிரிட்டனில் இருந்தவர் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை. குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரருக்கும் அவர்களின் நெருங்கிய குடும்பத்துக்கும் விலக்கு உண்டு. எல்-2 பிள்ளைக்கு அந்த விலக்கு இல்லை. ஜூன் 8 முதல் பிரிட்டனும் 14 நாள் தனிமை விதித்தது. நோயுற்ற தாயைப் பார்க்கப் போனவர் அங்கே 14 நாள், திரும்புகையில் தடைப்பட்டியலில் இல்லாத மூன்றாம் நாட்டில் இன்னொரு 14 நாள் என்று கணக்குப் போடவேண்டியிருந்தது. விசா ஒட்டுத்தாள் காலாவதியானவர் போனால் திரும்புவதே கேள்விக்குறி: மார்ச் 20 அன்று தூதரகங்கள் வழக்கமான விசா வேலையை நிறுத்தின, ஜூன் 22 பிரகடனம் புதிய எல் விசாக்களையும் 2021 மார்ச் 31வரை தடுத்தது. இதைத் தெரிந்து போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வேறு, தெரியாமல் போய் மாட்டிக்கொள்வது வேறு. நுழைவுத் தடை 2021 நவம்பர் 8 அன்றுதான் நீங்கியது.

அமெரிக்க அரசின் கொரோனா நிவாரணப் பணத்திலும் குடும்பமே விடுபட்டது. 2020 சட்டப்படி பெரியவருக்கு 1,200 டாலர், பிள்ளைக்கு 500. ஆனால் கூட்டு வரிக்கணக்கில் ஒருவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல், அது கிடைக்காதவர்களுக்கு வரிக்கணக்குக்காக மட்டும் தரப்படும் ஐடின் எண் இருந்தால், ராணுவக் குடும்பம் தவிர மற்றவர்களுக்கு யாருக்குமே கிடையாது. வேலை அனுமதி வாங்காத எல்-2 துணைவர்கள் பலரிடம் ஐடின்தான் இருந்தது. டிசம்பரில் வந்த சட்டம் இதை முன்தேதியிட்டுத் திருத்தியது; சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ளவர் தம் பங்கை 2020 வரிக்கணக்கின் 30ஆம் வரியில் கேட்கலாம் என்றானது. அதை அப்போது ஊழியர்களிடம் சொல்லும் வேலை உங்கள் வரி ஆலோசகருடையதாக இருந்தது. இன்று எல்-2எஸ் துணைவர் வந்தவுடனே சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை தேடாவிட்டாலும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கான தடுப்பூசிப் பதிவு சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடும். அந்நாளில் பிரிட்டனின் வழக்கமான அட்டவணையில் சின்னம்மைத் தடுப்பூசி இல்லை. 2017 ஆகஸ்டுக்கு முன் பிறந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் பி-யும் இல்லை. அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டையும் கேட்கும். சின்னம்மைக்கு 13 வயதுக்குட்பட்டோருக்கு இரு தவணை, இடையே மூன்று மாதம். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, ஏறத்தாழ ஆறு மாதம். மருத்துவமனைகள் நெருக்கடியில் இருந்தபோது இது மலையாய் நின்றது. தேதி எழுதும் முறையும் காலை வாரும். 2014 மார்ச் 15 பிறந்த குழந்தைக்கு 02/04/2015 என்று பதிவானது ஏப்ரல் 2. அமெரிக்கப் பள்ளிச் செவிலியர் அதை பிப்ரவரி 4 என்று படித்தால், முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசி என்று செல்லாததாகிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதிய படிவத்தைக் குடும்ப மருத்துவரிடம் வாங்கிவரச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆட்குறைப்பு. வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 முடியும்வரை, எது முந்தியோ அதுவரைதான் குடும்பம் தங்கலாம். வேலை போனபிறகும் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டைக் கோப்ரா என்ற சட்டத்தின் வழியே தொடரலாம். ஆனால் நீங்கள் கட்டிய பங்கும் சேர்ந்து மொத்தப் பிரீமியத்தின் 102 சதவீதம்வரை அவர்கள் தலையில் விழும். பெருந்தொற்றின் நடுவே வீட்டு ஒப்பந்தத்தை முறித்து, விமானம் தேடி, பள்ளிப் பதிவுகளை வாங்கிக் கிளம்ப 60 நாள் போதாது. அறிவிப்புக் கடிதம் கொடுத்த நாளை வேலையின் கடைசி நாளாக வைக்காதீர்கள். பள்ளிப் பருவம் முடியும்வரை சம்பளப் பட்டியலில் வைத்திருங்கள், இரண்டு மாதக் கோப்ராவைக் கட்டுங்கள், ஊர் திரும்பும் பயணச்சீட்டை எல்லோருக்கும் எடுத்துக்கொடுங்கள். இவை மூன்றையும் இடமாற்ற ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
இடம்மாறும் குடும்பங்களின் ஆவணங்களைத் தயாரிப்பவர்கள்