பெண்ணின் படிப்பை வெட்டச் சொல்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண்பிள்ளைகள் அளவுக்கு மீறிப் படிப்பதால்தான் டெல்டாவில் விவசாயி வீட்டுப் பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை, தாலிக்குத் தங்கம் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாசகர் ஒருவர் போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நான் குத்தாலத்தில் அச்சகம் வைத்திருப்பவன். முப்பத்தைந்து வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

ஈய எழுத்தைக் கோத்து ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் ஓட்டிய காலத்தில், மணமகள் பெயருக்கு முன்னால் 'திருவளர்ச்செல்வி' வரும். பின்னால் கோக்க ஒன்றும் இருக்காது. மணமகன் பக்கம் அப்பா பெயருக்குக் கீழே 'மிராசுதார்' என்று தனி வரி. இரண்டு வேலி (பதிமூன்று ஏக்கர் சொச்சம்) நிலம் இருந்தால் பையன் பத்தாவது தாண்டினானா என்று யார் கேட்டார்கள்? அப்புறம் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டம் ஒவ்வொன்றாக உதிர்ந்து, அந்த இடத்தில் பி.ஏ.வும் டி.எம்.இ. என்கிற மெக்கானிக்கல் டிப்ளமோவும் வந்து உட்கார்ந்தன. அதற்காகச் சாதி போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மேலே போடும் குலதெய்வம், கீழே போடும் தாய்மாமன் ஊர், இரண்டையும் பார்த்தால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். சாதி மாறிக் கட்டிக்கொள்கிறவர்கள் வந்தால் ஐம்பது கார்டுதான் கேட்பார்கள். 'நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் நண்பர்கள் என்று இருக்கும். அப்படி என்னிடம் வந்தவர்களில் அநேகமாக எல்லா ஜோடியும் படித்து வேலையில் இருந்தவர்கள். சொந்தக் காசில் பத்திரிகை அடிக்க முடிந்தவர்கள்.

வாசகர் சொல்லும் தங்கத்துக்கு வருகிறேன். அந்தத் திருமண உதவித் திட்டம் 1989ல் தொடங்கியபோது, எட்டாவது படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். பிறகு பத்தாவது வேண்டும் என்றார்கள். 2011ல் பத்தாவதுக்கு 25,000, பட்டமோ டிப்ளமோவோ இருந்தால் 50,000, கூடவே 4 கிராம் தங்கம். 2016ல் தங்கம் 8 கிராம் ஆனது. மனுவோடு பத்திரிகையும் வைக்க வேண்டும் என்பதால், ஆபீசுக்கு மட்டும் முதலில் நாலு காப்பி கொடுங்கள் என்று அவசரமாக வருவார்கள். 'டிகிரி முடிக்கட்டும், ஐம்பதாயிரமாக வரும்' என்று முகூர்த்தத்தையே தள்ளி வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். ஆக, அந்தத் தங்கமும் பெண்ணைப் படிக்கத்தான் வைத்தது. 2022ல் அந்தத் திட்டத்தையே கல்லூரி பக்கம் திருப்பி, அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்கு மாதம் 1,000 என்றார்கள். தேவதாசி முறையை எதிர்த்து நின்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர்தான் அப்போதும், இப்போதும். மூவலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த அம்மாள் பெயர் கல்யாணத்தைவிடக் கல்லூரிக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை என்பது நிஜம். இருபது மா, அதாவது ஒரு வேலி, நிலமும் மோட்டாரும் வைத்துக்கொண்டு முப்பத்தாறு வயதில் நிற்கிறார்கள். ஆனால் ஜூன் 12ல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும், கதிர் முற்றும் நேரம் மழை பிடிக்குமா என்று கவலைப்பட்டு, அம்மா நகையைக் கூட்டுறவு வங்கியில் வைப்பதும் மீட்பதுமாக இருந்ததைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வீட்டைத்தானே தேடுவாள்? பையன் ப்ளஸ் டூவில் கோட்டை விட்டால் 'சரி, வயலைப் பார்க்கட்டும்' என்றது நாம்தான். 2024 முதல் பையன்களுக்கும் அந்த 1,000 ரூபாய் வருகிறது. அவர்களையும் காலேஜுக்கு அனுப்பட்டும்.

போன வைகாசியில் ஒரு கல்யாணம். பையன் டி.எம்.இ., பெண் எம்.எஸ்சி., பி.எட். பையனுடைய பெரியப்பா ப்ரூஃபைத் திருப்பிக் கொண்டுவந்தார். பெண்ணின் படிப்பு மேல் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு.

"சரிங்க, ரெண்டு பேருக்கும் எடுத்துடறேன்" என்றேன்.

"பையனோடது இருக்கட்டும் தம்பி."

சாயங்காலம் அந்தப் பெண்ணே போன் செய்தது. "ஐயா, ரெண்டு பஸ் மாறிப் போய்ப் படிச்சது. எங்க வீட்டுப் பத்திரிகையிலயாவது விட்டுடாதீங்க." கடைசியில் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு விதமாக அடித்தேன். பெண் வீட்டுப் பத்திரிகையில் அது எம்.எஸ்சி., பி.எட்.; மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில் வெறும் பெயர்.

அந்தப் பெரியப்பாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2013ல் என் மகளுக்குக் கல்யாணம். அவள் எம்.காம்., மாப்பிள்ளை பி.காம். யாரும் என்னைக் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்களோ என்று நானாகவே கம்ப்யூட்டரில் 'எம்'மை அழித்துவிட்டு 'பி' அடித்தேன். அறுநூறு கார்டும் அடித்து, மூலையில் மஞ்சள் தடவ உட்கார்ந்தபோதுதான் அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எல்லாக் கார்டுக்கும் மஞ்சள் தடவி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஐந்து வருஷம் கழித்துப் பேத்திக்குக் காதணி விழா. முன்பெல்லாம் அந்தப் பத்திரிகைக்குத் தாய்மாமனோ தாத்தாவோ வருவார்கள். இப்போது பெரும்பாலும் குழந்தையின் அம்மாவே வந்து ப்ரூஃப் பார்த்து, பணமும் கட்டிவிட்டுப் போகிறது. என் மகளும் வந்தாள். ப்ரூஃபை வாங்கி, தன் பெயருக்குப் பின்னால் எம்.காம். என்று பேனாவால் எழுதி, கூட நின்ற மாப்பிள்ளையிடம் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு, மண்டபத்தின் பெயரில் ஒரு ஒற்று விட்டுப் போயிருப்பதை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

இப்படிக்கு,
அச்சகம் நடத்துபவன், குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்
(பெயர் போட வேண்டாம். வாடிக்கையாளர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.)