பூட்டு நாங்கள் போட்டதல்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"சர்வீசுக்குக் கொடுத்த லேப்டாப்பில் கடைக்காரரே பூட்டுப் போட்டுவிட்டார், இப்போது 48 இலக்க நம்பர் கேட்கிறது, எல்லாம் காசு பறிக்கத்தான்" என்று ஒரு குரல்பதிவு பத்து நாளாக நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. கடைப் பெயர் அதில் இல்லை. ஆனாலும் யாரைச் சொல்கிறது என்று கேட்டவர்களுக்குப் புரிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் உங்களில் பலர் நம்மிடம் விண்டோஸ் 11 போட்டிருக்கிறீர்கள். அத்தனை பேருக்கும் இந்தச் சந்தேகம் வரும் என்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

48 இலக்க நம்பர் கேட்கும் அந்த நீலத் திரையின் பெயர் பிட்லாக்கர் ரெக்கவரி. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வசதி அது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறிவிடும். ஹோம் பதிப்பில் இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். யாரும் எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டியதில்லை.

பிறகு ஏன் அப்டேட் வந்ததும் சாவி, அதாவது அந்த 48 இலக்க நம்பர், கேட்கிறது? மதர்போர்டிலோ பிராசஸருக்குள்ளோ டிபிஎம் என்ற சிப் இருக்கிறது. கணினியை ஆன் செய்யும்போதெல்லாம் பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு மென்பொருள்), செக்யூர் பூட் (ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு) போன்றவை முன்பு இருந்தபடியே இருக்கின்றனவா என்று சரிபார்த்துத்தான் அது சாவியைத் தரும். எல்லாம் சரியாக இருந்தால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது. விண்டோஸ் அப்டேட்டோடு பயோஸ் அப்டேட்டும் சேர்ந்து வந்தால் அந்தப் பழைய நிலை மாறிவிடும். மாற்றியது திருடனா கம்பெனியா என்று சிப்புக்குத் தெரியாது, அதனால் சாவியைத் தராமல் உங்களைக் கேட்கிறது. சில நேரம் அப்டேட்டே கோளாறாக இருப்பதும் உண்டு. 2024 ஜூலை அப்டேட்டில் பல கணினிகளில் இந்தத் திரை வந்தது. மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு ஆகஸ்ட் 13 அப்டேட்டில் சரிசெய்தது.

சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது, கடையில் இல்லை. போனில் அந்தக் கணக்கில் நுழைந்து டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப் பெயரைத் தொட்டு, மேனேஜ் ரெக்கவரி கீஸ் என்பதைத் திறங்கள். நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே கணக்கில் மூன்று நான்கு சாவிகள் இருக்கலாம், ஐடி ஒத்துப்போவதுதான் உங்களுடையது. சாவி 6 இலக்கம் வீதம் 8 தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண், அதனால் ஓர் இலக்கம் தப்பினாலும் அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். எண் விசைகள் வேலை செய்யாவிட்டால் எஃப்1 முதல் எஃப்9 வரை 1 முதல் 9, எஃப்10 என்றால் பூஜ்யம்.

சிக்கல் பெரும்பாலும் கணக்கில்தான். ஷோரூம் பையன் திறந்து கொடுத்ததாக இருக்கும், அல்லது வெளியூரில் படிக்கும் மகனின் மின்னஞ்சலாக இருக்கும். ஆபீஸ் லேப்டாப் என்றால் சாவி உங்கள் ஆபீஸ் ஐடி பிரிவிடம் இருக்கும். எங்கும் கிடைக்கவில்லை என்றால் நாங்கள் மட்டுமல்ல, எந்தக் கடையாலும் அதைத் திறக்க முடியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அதே கேள்விதான் வரும். ரீசெட் செய்வது ஒன்றே வழி, அதில் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். "திறந்து தருகிறோம்" என்று முன்பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

இதை விண்டோஸ் போட்டுத் தந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தவறு, மன்னியுங்கள். இனி டெலிவரியின்போது நீங்களே கணக்கைத் திறக்க, சாவியை உங்கள் கண்ணெதிரே அச்சிட்டுக் கையில் தருவோம். கடையில் நகல் வைக்க மாட்டோம்.

மற்ற கோளாறுகள் இவ்வளவு பயமுறுத்துபவை அல்ல. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு கணினி ஓரிரு மணி நேரம் மந்தமாக இருப்பது சகஜம், பின்னணியில் தேடல் அட்டவணை புதிதாகத் தயாராகும். சார்ஜரை மாட்டி அப்படியே விடுங்கள். மறுநாளும் அப்படியே இருந்து, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், அநேகமாக அது பழைய ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடாமல் தீராது.

வைஃபை காணாமல் போனால் போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், போனின் இணையம் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வரும். இணையம் வந்ததும் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை (வைஃபையை இயக்கும் மென்பொருள்) இறக்கிவிடலாம். பிரின்டர் 'ஆஃப்லைன்' காட்டினால் பிரின்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பாருங்கள். யுஎஸ்பி001-லிருந்து யுஎஸ்பி002-க்குத் தாவியிருக்கும், டிக்கை மாற்றினால் போதும். ஆடிட்டர் அலுவலகங்களில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் தெரியாவிட்டால் அதன் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

டிடிபி நண்பர்களுக்கு: ரீசெட் ஆன கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் ஆங்கில எழுத்தாகச் சிதறித் தெரிந்தால் பதறாதீர்கள். கோப்பு கெடவில்லை, பாமினி எழுத்துருதான் இல்லை, அதை மறுபடி போடுங்கள். விண்டோஸின் சொந்தத் தமிழ் எழுத்துருக்களான லதா, விஜயா இரண்டும் செட்டிங்ஸின் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்ற பெயரில் இருக்கின்றன, சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிய பதிப்பே ஒத்துவரவில்லை என்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக் வழியாகப் பழையதற்குத் திரும்பலாம். இடம் போதவில்லை என்று அதற்குள் பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள், அழித்தால் அந்த வழி அடைபடும்.

ரேம், எஸ்எஸ்டி விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக்கொண்டே போவதை நீங்களும் பார்க்கிறீர்கள். சர்வீஸ் கட்டணம் ரூ.350 என்பது 1-ஆம் தேதி முதல் ரூ.500, வீட்டுக்கு வந்து பார்ப்பது புதிய பையன் அமையும்வரை இல்லை.

குரல்பதிவு வந்த மறுநாளே நேரில் வந்து "என்ன நடந்தது?" என்று கேட்டவர்களுக்கும், குழுவிலேயே நமக்காகப் பேசியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு எவ்வளவு தெம்பு என்று சொல்லி முடியாது. பதிவு போட்டவருக்கும் அழைப்பு உண்டு. லேப்டாப், சார்ஜர், கணக்கில் பதிவான சிம் உள்ள போன் மூன்றையும் எடுத்து வரட்டும். சாவியைத் தேடிக் கொடுப்பதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கடை உரிமையாளர்