செயலாளரின் ஆண்டறிக்கை 2025: சிக்கனமும் இரண்டாவது இடமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழுக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கூட்டக் குறிப்புகள் உங்கள் கையில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். தொண்டூழியர் பயிற்சியும் பள்ளி உரைகளும் சென்ற ஆண்டைப் போலவே நடந்தன. திட்டத் துணைக்குழுவில் ஆண்டு முழுதும் அடிபட்ட ஒரு கேள்விக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்: உயிரினங்களைக் காக்க, இருக்கிற பணத்தையும் ஆட்களையும் எத்தனை இடங்களில் பிரித்துப் போடுவது?

காக்க வேண்டிய இடங்களைத் தேர்ந்தெடுக்க மார்க்சான் என்ற மென்பொருள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறைத் தொடரில் 2004இல் காப்பு மண்டலங்கள் மறுபடி வகுக்கப்பட்டபோது பயன்பட்டது அதுதான். எந்த இனம் எங்கே உள்ளது, ஒவ்வோர் இடத்தையும் காக்க எவ்வளவு செலவாகும், ஒவ்வோர் இனத்துக்கும் இலக்கு என்ன என்று கொடுத்தால் மலிவான தொகுப்புகளைக் காட்டும். கருவியில் கோளாறு இல்லை. இலக்கை நாம் எழுதும் விதத்தில்தான் வம்பு.

ஐந்து ஓடைகள், எட்டு இனங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓடையில் ஆறு இனங்கள், இரண்டாவதில் மீதி இரண்டு. ‘ஓர் இடத்தில் இருந்தால் போதும்’ என்று இலக்கு எழுதினால் இரண்டு ஓடைகளோடு கணக்கு முடிந்தது. அதே இனங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழும் மற்ற மூன்றும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். பிறகு முதல் ஓடைக்கு மேலே ஒரு லாரி கவிழ்ந்து டீசல் இறங்கினால் ஆறு இனங்களும் சேர்ந்து போகும். இலக்கை ‘இரண்டு இடம்’ என்று மாற்றினால் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். எல்லா இனத்துக்கும் அப்படிச் செலவழிக்க நமக்கு வழியில்லை, அவசியமும் இல்லை. எதற்கு அவசியம் என்று பிரிக்கத் துணைக்குழு இரண்டு கேள்விகளை வைத்தது.

முதலாவது: ஓரிடத்தில் அழிந்தால் தானாகத் திரும்புமா? 2007 தொடக்கத்தில் கனமழைக்குப் பின் ஜோகூர் ஆற்று வெள்ளம் சிங்கப்பூரின் உபின் தீவிலுள்ள செக் ஜாவா கரை வரை வந்து கடல்நீரின் உப்பைக் குறைத்தது. கடற்பஞ்சுகளும் கடற்சாமந்திகளும் பெருமளவில் மடிந்தன. ஆனால் கடற்கரை உயிர்கள் பலவற்றின் இளம்பருவம் நீரோட்டத்தில் மிதந்து திரியும். சுற்றுக் கடலில் தாய்க்கூட்டம் இருக்கும்வரை அவை திரும்ப வழியுண்டு.

சிங்கப்பூர் நன்னீர் நண்டுக்கு அந்த வழி கிடையாது. 1986இல் விவரிக்கப்பட்ட இந்த இனம் இத்தீவின் சில குன்றோடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. முட்டை பொரிந்ததும் குட்டி நண்டாகவே வெளிவரும். மிதக்கும் பருவமே இல்லை. ஓர் ஓடையில் அற்றுப்போனால், இடையில் சாலையும் குடியிருப்பும் இருக்கும்போது, அடுத்த ஓடையிலிருந்து வந்து சேராது. முதன்முதலில் அதைக் கண்டறிந்த புக்கிட் தீமா ஓடையிலேயே அது இப்போது இல்லை. நீரில் அமிலம் கூடியதே காரணமாகக் கருதப்படுகிறது. இப்படிப்பட்ட இனத்துக்கு இரண்டாவது ஓடை, மூன்றாவது ஓடை எல்லாம் கட்டாயம். எவ்வளவு செலவானாலும் இதில் கைவைக்கக் கூடாது என்பது துணைக்குழுவின் ஒருமித்த கருத்து.

இரண்டாவது: ஒரே அடி இரண்டு இடத்திலும் விழுமா? 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் கப்பல்கள் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, லாப்ரடார், கிழக்குக் கடற்கரை, தென் தீவுகள் என்று தென்பக்கம் முழுவதும் கறை. தென்கரையில் மூன்று இடங்கள் வைத்திருந்தாலும் எண்ணெய்க் கணக்கில் அது ஓரிடம்தான். வடக்கே சுங்கை புலோவில் ஒன்று இருந்தால்தான் இரண்டு. கடல் சூடேறினால் இந்தக் கணக்கும் உதவாது. சூட்டால் பவளங்கள் நிறமிழந்த 1998, 2010, 2016, 2024 வெளிறல்களில் நம் பவளப்பாறைகள் எல்லாம் ஒரே சூட்டில்தான் இருந்தன. அங்கே கூடுதல் இடத்துக்குச் செலவிடுவதைவிட, வெப்பம் தாங்கும் பவள வகைகளைக் கலந்து வளர்ப்பதும் நீரின் கலங்கலைக் குறைப்பதும் மேல்.

இனி அலையாத்தி நடவு. நிதி தருபவர்கள் கேட்பது ‘எத்தனை நட்டீர்கள்?’ என்பதே. பக்கா என்ற அலையாத்தி வகையின் நீண்ட முளைக்குச்சியை மூன்றில் ஒரு பங்கு சேற்றில் செருகினால் வேலை முடிந்தது. ஒரே காலையில் நூற்றுக்கணக்கில் நட்டுப் படமும் எடுத்துவிடலாம். எனவே எல்லாரும் பக்காவையே நடுகிறார்கள், அதுவும் காலியாகத் தெரியும் தாழ்ந்த சேற்றுவெளியில். அங்கே நாற்று நெடுநேரம் மூழ்கிக் கிடக்கும். தண்டில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஏறி, பாரம் தாங்காமல் சாயும். பிலிப்பீன்ஸில் பல்லாண்டு நடவுகளில் தப்பியது 10 முதல் 20 விழுக்காடுதான்.

ஆகவே நடுவதற்கு முன் மட்டம் பார்க்க வேண்டும். அலையாத்தி பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலேதான் பிடிக்கும். அருகில் செழித்து நிற்கும் அதே இன மரத்தின் அடியிலிருந்து நடவிடம்வரை டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய், பிடித்தால் போதும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகும். இரு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே நகர வேண்டும். கைவிட்ட இறால் குட்டையாக இருந்தால் முதல் வேலை கரையை உடைத்து அலைநீரை உள்ளே விடுவது. பிச்சாவரத்தில் மரம் வெட்டிய பகுதிகள் தாழ்ந்து, தேங்கிய நீரில் உப்பு ஏறிக் கிடந்தன; மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டம் வந்த பிறகே அங்கே நட்டது பிழைத்தது. நீரோட்டம் சரியானால் சுற்றிலும் தாய்மரம் உள்ள இடங்களில் நடவே தேவைப்படாமலும் போகலாம். அப்போது அறிக்கையில் காட்ட எண்ணிக்கை இருக்காது. இருக்க வேண்டாம்.

இன்னொன்று, அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டுநிலம். அங்கே இன்று காக்க வேண்டிய இனம் எதுவும் இல்லாததால் மலிவுக் கணக்கு அதைத் தள்ளிவிடும். கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பது நம் பருவநிலை ஆய்வு நிலையத்தின் கணிப்பு. அலையாத்தி பின்வாங்க அந்த நிலம் வேண்டும்.

பொருளாளர் ஒரு மறுப்பைப் பதிவு செய்யச் சொன்னார்: இரண்டாவது இடத்துக்கு ஒதுக்கும் பணம் நல்ல ஆண்டுகளில் பலன் காட்டாமல் கிடக்கும், அடுத்த மானிய விண்ணப்பத்தில் அதற்கு விளக்கம் கேட்பார்கள். நியாயமான பேச்சுதான். அதனால் பங்கு அளவைச் செயற்குழு தானே முடிவு செய்யவில்லை. இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் வாக்கெடுப்புக்கு வைக்கிறோம்: களச்செலவில் ஐந்தில் ஒரு பங்கை, தானாகத் திரும்ப வழியில்லாத இனங்களின் இரண்டாவது இடத்துக்கு ஒதுக்குவது; நாற்று எண்ணிக்கைக்குப் பதிலாக, நட்ட மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்பவற்றை மட்டும் இனவாரியாக அறிக்கையில் காட்டுவது.

செயலாளர்