அவலான் என்றொரு ஊர்

மெம்ஃபிஸ், டென்னசி
அக்டோபர் 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே நல்ல சுகம். சித்தியின் முட்டுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் போனில், "அங்க போயி என்ன பாட்டுட்டி கேக்க?" என்று கேட்டீர்கள். அது போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எனக்கு வாரத்தில் மூன்று நைட் டியூட்டி. சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவேன். ஜூலை, ஆகஸ்டில் நம்ம ஊர்ப் புழுக்கம் அப்படியே இருந்தது. மிசிசிப்பி ஆற்றுக் காற்றும் அதைத் தணிக்கவில்லை. வெண்டைக்காயை மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்துத் தருகிறார்கள், சித்திக்குப் பிடிக்கும். தெருவுக்குத் தெரு கோயில். ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறது.

என்னோடு நைட் பார்க்கிற ஒரு அம்மா உண்டு. அறுபது வயது தாண்டிய கறுப்பினப் பெண்மணி. டியூட்டி முடிந்ததும் தன் காரில் என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். காரில் எப்போதும் ஒரே ஆல்பம்தான் ஓடும். முதல் வாரம் நான் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள், அவ்வளவு அசதியிலும், வீடு வந்த பிறகும் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்பவர் பாடிய ஆல்பம் அது. பேர் 'டுடே'. 1966-ல் வான்கார்ட் கம்பெனி போட்டது. பன்னிரண்டு பாட்டு, ஒரு கிட்டார், ஒரு வயசாளியின் குரல். வேறு எதுவும் கிடையாது. இது ப்ளூஸ், அதாவது இங்கத்துக் கறுப்பின மக்களின் பழைய பாட்டு வகை. ப்ளூஸ் என்றதும் இந்த ஊர் பீல் ஸ்ட்ரீட்டில் டூரிஸ்டுகளுக்காகப் பெரிய ஸ்பீக்கர் வைத்து வாசிக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கரண்ட் இல்லாத கிட்டார். அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. நாமாகத்தான் கிட்டே போகிறோம்.

முதல் தடவை கேட்டபோது இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். தடிக் கம்பிகளில் பெருவிரல் மாறிமாறி விழுந்துகொண்டே இருக்கிறது, சித்தி தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி, கூடாமல் குறையாமல். மற்ற விரல்கள் சன்னக் கம்பிகளில் பாட்டின் மெட்டையே எடுத்து வாசிக்கின்றன. அந்த மெட்டு நேராகத் தாளத்தின் மேல் வந்து விழுவதில்லை. ஒரு பொடி முந்தியோ பிந்தியோ, இரண்டு தட்டுக்கு நடுவில் வந்து விழும். பெருவிரல் அசையாமல் நடக்க, மேலே மெட்டு துள்ளிக்கொண்டே கூட வரும். கம்பியைத் தட்டுகிற சின்னத் தகடு, அந்த பிக் இல்லை, வெறும் விரல்தான். சில இடத்தில் வரியின் கடைசிச் சொல்லை வாயால் பாடாமல் விட்டுவிடுவார், கிட்டார் அதைச் சொல்லிவிடும். நீங்கள் கிட்டாரில் கார்டு பிடித்து, எல்லாக் கம்பியையும் சேர்த்து ஸ்ட்ரம் பண்ணும்போது கோயிலே நிறைகிறது. அது ஒரு அழகு. இவர் வாசிக்கும்போது பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

அவர் கதையையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்ற குக்கிராமத்து விவசாயக் கூலி. கிட்டார் தானாகக் கற்றது. சனிக்கிழமை நடனங்களில் ஊராருக்கு வாசிப்பார். பக்கத்தில் வில்லி நார்மூர் என்று ஒரு வெள்ளைக்காரப் பிடில்காரர். அவர்தான் ஓகே ரெக்கார்ட் கம்பெனியாரிடம் இவரைப் பற்றிச் சொன்னது. 1928-ல் முதலில் இதே மெம்ஃபிஸுக்குக் கூட்டி வந்து பதிவு செய்தார்கள். அந்த டிசம்பரில் நியூயார்க்குக்குக் கூப்பிட்டார்கள்.

சித்தப்பா, இங்கேதான் எனக்கு மனசு நின்றுவிட்டது. அந்தப் பெரிய பட்டணத்தில், குளிரில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் இருந்த மனுஷன் ஊர் ஏக்கத்தில் ஒரு பாட்டுக் கட்டினார். அவலான்தான் என் ஊர், எப்போதும் அதே நினைப்பு என்று. அதையும் பதிந்தார்கள். பிறகு பொருளாதார மந்தம் வந்தது, இசைத்தட்டுகள் பெரிதாக விற்கவில்லை, அவர் வயலுக்கே திரும்பிவிட்டார். முப்பத்தைந்து வருஷம். உலகம் அவரைச் செத்துப்போனவர் கணக்கில் வைத்திருந்தது.

1952-ல் ஃபோக்வேஸ் கம்பெனி பழைய நாட்டுப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோது அதில் இவர் பாட்டு இரண்டு இருந்தது. அதைக் கேட்ட இளவட்டங்கள் இவர் யார் என்று தேட ஆரம்பித்தார்கள். டாம் ஹாஸ்கின்ஸ் என்பவருக்கு அந்த அவலான் பாட்டும் கிடைத்தது. பாட்டில் ஊர் பேர் இருக்கிறதே! பழைய அட்லஸ் ஒன்றில் அந்தப் பேர் இருந்தது. 1963-ல் நேராகப் போய் விசாரித்தால், ஆள் அங்கேயே இருக்கிறார், எழுபது வயதில், மாடு மேய்த்துக்கொண்டு. அந்த வருஷமே நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் பாடினார். விரலும் குரலும் அப்படியே இருந்தன. 1966 நவம்பரில் இறந்துபோனார். மூன்றே வருஷம்தான் உலகத்துக்குக் கிடைத்தது.

'டுடே' அந்த மூன்று வருஷத்துப் பலன். ரெயில் பாதை வேலையில் சுத்தியல் அடித்தே செத்ததாகக் கதையில் வருகிற கூலியாள் ஜான் ஹென்றி. அவன் பேர் வருகிற சுத்தியல்காரன் பாட்டு ஒன்று அதில் உண்டு: ஜான் ஹென்றியைக் கொன்ற சுத்தியல் இது, என்னைக் கொல்லாது என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போகிறவன். ஜான் ஹர்ட்டும் கொஞ்ச காலம் ரெயில்வேயில் கூலிவேலை பார்த்தவர்தான். கொலையுண்ட ஒருவனுக்காக அவன் தாய் அழுகிற பாட்டையும் சத்தம் கூட்டாமல், தாலாட்டு மாதிரியே பாடுகிறார். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூச்சல் போடாததால்தான் அந்தத் துக்கம் அவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று நினைக்கிறேன். தரையில் எனக்கொரு படுக்கை விரித்துக் கொடு என்று கெஞ்சுகிற பழைய பாட்டும் உண்டு. இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் வீடு கிடைக்காமல் ஒரு சிநேகிதி வீட்டுத் தரையில் போர்வை விரித்துப் படுத்திருந்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

ஆராதனைப் பாட்டு அல்லாத உலகப் பாட்டுக்குக் கிட்டாரைத் தொடமாட்டேன் என்ற உங்கள் வைராக்கியம் எனக்குத் தெரியும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பியூலா தேசத்தைப் பற்றியது. வேதத்தில் ஏசாயா 62-ல் உன் தேசம் பியூலா என்று சொல்லப்படும் என்று வருகிறதே, அதேதான். நடனத்துக்கு வாசித்த அதே பெருவிரல், அதே நடையில், அதே மரியாதையோடு அதையும் வாசிக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

போன ஆஃப் அன்றைக்கு அந்த அம்மாவோடு அவலானுக்குப் போய் வந்தேன். அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். தெற்கே காரில் இரண்டு மணி நேரம். மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சமநிலம், பருத்தி வெடித்து வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. கிழக்கே சட்டென்று குன்றும் காடும். கடைத்தெரு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஜான் ஹர்ட்டின் கல்லறை குன்றுக் காட்டுக்குள், மரத்தடியில். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் நின்றோம்.

திரும்பும்போது அந்த அம்மா என் ஊர் எது என்று கேட்டார். இங்கே யார் கேட்டாலும் சென்னைப் பக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், மற்றது யாருக்குத் தெரியப்போகிறது என்று. அன்றைக்கு மெய்ஞ்ஞானபுரம் என்று சொன்னேன். ஓங்கி நிற்கிற கோயில் கோபுரத்தைச் சொன்னேன், சிவந்த தேரி மண்ணைச் சொன்னேன், பனையைச் சொன்னேன். மூன்று தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்து, நான்காவது தடவை சரியாகச் சொல்லிவிட்டார்.

ஆல்பத்தைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு, பிக்கை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பெருவிரலை மட்டும் பழக்கிப் பாருங்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை, உங்களுக்கு வந்துவிடும்.

காப்பியைப் பற்றியும் ஒரு பாட்டு அதில் இருக்கிறது, ஒரே ஒரு கரண்டி போதும் என்று. உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டு யார் வந்தாலும் கொடுத்துவிடுங்கள். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும்.

சித்திக்கும் தம்பிக்கும் என் அன்பு.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்