'டின்னர் ஃபார் ஒன்' டிவியில் பிறந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுப் புத்தாண்டுக் கொண்டாட்டங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், ஜெர்மனியில் டிசம்பர் 31 அன்று வருஷம் தவறாமல் ஒளிபரப்பாகும் 'டின்னர் ஃபார் ஒன்' பற்றியும் நாலு வரி வந்திருந்தது. சந்தோஷம். ஆனால் அதைப் 'பழைய டிவி நிகழ்ச்சி' என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். அது லாரி வைலி என்ற இங்கிலாந்துக்காரர் மேடைக்காக எழுதிய ஓரங்க நாடகம். கேமரா அதன் பக்கம் வருவதற்குள் நிறைய மேடைகளைப் பார்த்துவிட்டது.

கதை ரொம்பச் சின்னது. மிஸ் சோஃபிக்கு 90-வது பிறந்தநாள். விருந்துக்கு வழக்கமாக வரும் நான்கு நண்பர்களும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் பணியாளர் ஜேம்ஸ், அந்த நால்வருக்கும் ஊற்றுவதைத் தானே அவர்கள் சார்பில் குடிக்கிறார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு மது, ஒவ்வொரு மதுவுக்கும் நாலு கிளாஸ். தரையில் கிடக்கும் புலித்தோலின் தலையில் அவர் திரும்பத் திரும்பத் தடுக்கி விழப்போகிறார். பிறகு ஒரு தடவை தடுக்காமலே தாண்டிப் போய்விட்டு, அதை நம்ப முடியாமல் திரும்பிப் பார்க்கிறார் பாருங்கள், அந்த இடம் மேடையில் ஆடி ஆடித்தான் வந்திருக்கும், எழுதி வைத்து வரவழைக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஜேம்ஸாக நடித்த ஃபிரெடி ஃபிரிண்டன் 1945-இலேயே பிளாக்பூல் என்ற இங்கிலாந்துக் கடற்கரை ஊரில் இதை நடித்துக்கொண்டிருந்தார். 1948-இல் லண்டனிலும் 1953-இல் நியூயார்க் பிராட்வேயிலும் வேறு நடிகர்கள் இதை மேடையேற்றினார்கள். வைலிக்கு ராயல்டி கட்டி நடித்துவந்த ஃபிரிண்டன், 1950-களில் உரிமையையே வாங்கிக்கொண்டார். அந்த அளவுக்கு இந்த நாடகத்தை அவர் நம்பியிருக்கிறார்.

1962-இல் பிளாக்பூலில் இதைப் பார்த்த ஜெர்மன் நிகழ்ச்சி நடத்துநர் பீட்டர் ஃபிராங்கன்ஃபெல்ட், ஃபிரிண்டனையும் உடன் நடித்தவரையும் ஜெர்மனிக்கு அழைத்தார். 1963-இல் ஹாம்பர்க் நகரத்து நாடக அரங்கு ஒன்றில், பார்வையாளர்களை உட்காரவைத்தே பதிவு செய்தார்கள். முன்னுரை மட்டும் ஜெர்மனில், நாடகம் முழுக்க ஆங்கிலத்தில், மொத்தம் 18 நிமிஷம். இன்றைக்கும் அதில் கேட்கும் சிரிப்பு அந்த அரங்கத்தின் சிரிப்புதான். அதைப் போய் டிவி நிகழ்ச்சி என்று மட்டும் எப்படிச் சொல்வது?

ஃபிரிண்டன் 1968-இல் இறந்துபோனார். புத்தாண்டு இரவுக்கென்று அது நிலையான இடம் பிடித்தது 1972-இல். நார்வேயில் டிசம்பர் 23 அன்று போடுகிறார்கள். ஜெர்மனியில் உள்ளூர்க் குழுக்கள் தங்கள் வட்டார மொழிகளிலும் இதை நடிக்கின்றன, அதாவது நாடகம் மேடையை விட்டுப் போகவே இல்லை. பிறந்த இங்கிலாந்தில் இந்தப் பதிவு நாடு தழுவிய டிவியில் வந்தது 2018 கடைசி நாளில்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மிஸ் சோஃபியாக நடித்த மே வார்டனை யாரும் பேசுவதில்லை, உங்கள் கட்டுரையும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, எதுவுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு, ஜேம்ஸ் தள்ளாடத் தள்ளாட இவர் நிதானமாக அடுத்த பதார்த்தத்தைக் கேட்பார். அந்த நிதானம் இல்லாவிட்டால் தள்ளாட்டத்துக்குச் சிரிப்பே வராது. அடுத்த டிசம்பரில் இதைப் பற்றி எழுதும்போது வைலியின் பெயரையும் மே வார்டனின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடக ரசிகர்