ஐம்பது முறை பழகி இடம் வலம் அறிந்த கணினி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு தங்கள் இதழில் வெளியான செயற்கை நுண்ணறிவு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்த, இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படும் கோடைக்காலக் கூட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, கட்டுரை நேரே 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடிக்குத் தாவிவிடுகிறது. விடுபட்ட அந்த அறுபத்தாறு ஆண்டுகளில், செய்தித்தாள் படிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சியாவது உண்டு.

பிராங்க் ரோசன்பிளாட் என்ற உளவியலாளர் வகுத்த 'பெர்செப்ட்ரான்' என்னும் கற்கும் முறையை, 1958 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை செய்தியாளர்களுக்குக் காட்டியது. நடக்கவும், பேசவும், பார்க்கவும், எழுதவும், தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கவும், தான் இருப்பதை உணரவும் வல்ல கணினியின் கரு இது என்று கடற்படை எதிர்பார்ப்பதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. செய்தியாளர்கள் கண்ணால் கண்டதோ, ஐபிஎம் 704 கணினி ஒன்று ஐம்பது முறை பழகிய பிறகு இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று பிரித்தறிந்ததை மட்டுமே. இரண்டும் ஒரே செய்தியில்தான் அச்சாயின. ஆகவே நாளிதழை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

ரோசன்பிளாட்டின் கருத்து வெறும் ஆரவாரம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். பின்னர் அவர் உருவாக்கிய மார்க் 1 என்ற இயந்திரத்துக்கு 400 ஒளியுணரிகள் கண்ணாக இருந்தன. விடை தவறினால், வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்றவற்றைச் சிறு மின்மோட்டார்கள் கொஞ்சம் திருப்பிவிடும். திருகுகளின் நிலை என்பது எண்களே. தவறும்போதெல்லாம் இப்படி எண்களைச் சற்றே மாற்றிக் கற்பதே, சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகளுக்கும் அடிப்படை.

குறையும் அதிலேயே இருந்தது. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். இந்த எளிய கணக்கை, உள்ளே வருவதை ஒரே படியில் எடைபோட்டு விடை சொல்லும் ஓரடுக்குப் பெர்செப்ட்ரானால் ஒருபோதும் கற்க முடியாது. இத்தகைய வரம்புகளை ஆய்வாளர்கள் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் 1969இல் கணித முறையில் காட்டினார்கள். (மின்ஸ்கியும் ரோசன்பிளாட்டும் நியூயார்க்கில் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.) ஆர்வமும் நிதியும் வேறு பக்கம் திரும்பின. 1971இல், தம் 43ஆவது பிறந்தநாளன்று, ரோசன்பிளாட் படகு விபத்தில் இறந்தார்.

பல அடுக்குகள் இருந்தால் மாடிப்படிக் கணக்கு தீரும் என்பது முன்பே தெரிந்ததுதான். தவற்றைப் பின்னோக்கி அனுப்பி அத்தனை அடுக்குகளையும் பழக்கும் வழியை, ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1986இல் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. அது முழுப் பயன் தர, 2012இல் பன்னிரண்டு லட்சம் படங்களையும் வீடியோ விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட இரண்டு கிராபிக்ஸ் அட்டைகளையும் கொண்டு பழக்கிய, படத்தில் இருப்பதை அடையாளம் காணும் பல அடுக்கு வலையமைப்பு ஒன்று வரவேண்டியிருந்தது. 2024இல் ஹிண்டன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இயந்திரம் 'மனிதரைப் போலவே தமிழைப் புரிந்துகொள்கிறது' என்று தங்கள் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அப்படிச் சொல்பவர் யார், அது எத்தனை வாக்கியங்களில் சோதிக்கப்பட்டது, எங்கெங்கே தவறியது என்பதையும் அடுத்த முறை அதே பத்தியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்,
காரைக்குடி.